காறாத எண்ணெய், கோணாத மரம்

நான் செய்த முதல் ரொட்டிப் பலகை ஐந்து மாதம்தான் உழைத்தது. அது உடையவில்லை, பூசணமும் பிடிக்கவில்லை. வாடை பிடித்தது. சூளையிலிருந்து எடுத்த ரொட்டியை அதன்மேல் வைத்து, ஆறியதும் அறுத்து, முதல் துண்டை வாய்க்குக் கொண்டுபோனால் அடிப்பக்கத்திலிருந்து பழைய எண்ணெய்ச் சட்டியின் நெடி. மாவில்தான் கோளாறு என்று நினைத்து மாவை மாற்றினேன், பிறகு ஈஸ்ட்டை மாற்றினேன். ஒருநாள் வெறும் பலகையைத் தூக்கி முகர்ந்த பிறகுதான் புரிந்தது. கைக்கு எட்டிய சூரியகாந்தி எண்ணெயை அதற்கு மூன்று முறை பூசியிருந்தேன். சாப்பிடுகிற எண்ணெய்தானே, இதைவிடப் பாதுகாப்பானது வேறென்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு. மரத்துக்குள் இறங்கிய அந்த எண்ணெய் காறிப்போயிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், வெயிலில் வைத்தேன், எலுமிச்சையும் உப்பும் வைத்துத் துடைத்தேன். வாடை போகவே இல்லை.

அதன்பிறகு எனக்கும் நண்பர்களுக்குமாகப் பல பலகைகள் செய்துவிட்டேன். "என்ன மரம் வாங்கலாம், என்ன எண்ணெய் பூசலாம்" என்று கேட்பவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ரொட்டிப் பலகையின் வேலை தனி. காய் நறுக்கும் பலகைபோல அது நாள் முழுக்க ஈரத்தில் கிடப்பதில்லை. கறி வெட்டும் கட்டைபோல அடி வாங்குவதும் இல்லை. அதற்கு மூன்று சோதனைகள்தான். சூடான ரொட்டியின் அடியிலிருந்து வரும் ஆவி, பல் வைத்த கத்தியின் ரம்ப அறுப்பு, இடுக்கு கண்ட இடமெல்லாம் போய் உட்காரும் துகள். இதில் ஆவியைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. வெதுவெதுப்பான ரொட்டியைப் போல வாடையை இழுத்துக்கொள்ளும் பண்டம் குறைவு. அதனால் ஒரு மரத்தை வாங்கும் முன் அதன் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் முகர்ந்து பார்ப்பேன்.

முகர்வது என்றால் காய்ந்த மரத்தை அல்ல. ஒரு சின்னத் துண்டைக் கேட்டு வாங்கி வந்து, கொதிநீரை அதன்மேல் ஊற்றி, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பத்து நிமிடம் மூடி வைக்கிறேன். கிண்ணத்தைத் திறந்ததும் வரும் ஆவியில் மரம் தன் குணத்தைச் சொல்லிவிடும். பைனும் சீடரும் அந்த நொடியே பிசின் நெடியை அள்ளி வீசும். அலமாரிக்கு அது நல்ல மணம், ரொட்டிக்கு ஆகாது. மேப்பிளிலும் பீச்சிலும் (beech, பழம் தரும் பீச் அல்ல) நனைந்த தாளின் மணத்துக்கு மேல் எதுவும் இருக்காது. இன்னும் சந்தேகம் இருந்தால், துண்டைத் துடைத்துக் காயவைத்து, ஒரு ரொட்டித் துண்டோடு மூடிய டப்பாவில் இரவு முழுக்க வைத்துக் காலையில் அந்த ரொட்டியைத் தின்று பார்க்கலாம். அறிமுகமில்லாத எந்த மரத்துக்கும் இந்தச் சோதனையைத்தான் நம்புகிறேன்.

அடுத்தது துளைகள். மரம் என்பது நீர் ஏறிய குழாய்களின் கட்டு. மேப்பிள், பீச், செர்ரி போன்றவற்றில் அந்தக் குழாய்கள் மிக நுண்ணியவை, எங்கும் சீராகப் பரவியவை. ஓக்கிலும் ஆஷிலும் வளையத்துக்கு வளையம் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும். சிவப்பு ஓக்கின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் நீரில் குமிழி வரும். குழாய் அப்படியே திறந்து கிடக்கிறது. வெள்ளை ஓக்கில் அந்தக் குழாய்களை மரமே உள்ளிருந்து அடைத்துக்கொள்ளும். மதுப் பீப்பாய்க்கு வெள்ளை ஓக்கைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். ஆனாலும் ரொட்டித் துகளுக்கு வெள்ளை ஓக்கின் மேல்தோல் கூடக் கொஞ்சம் கரடு. தவிர ஓக்கில் டானின் என்னும் துவர்ப்புச் சத்து அதிகம். ஈரமான ஓக் பலகைமேல் இரும்புக் கத்தியை ஒரு இரவு மறந்து வைத்தால், காலையில் கத்தியின் வடிவத்திலேயே கறுப்புக் கறை இருக்கும். பழைய காலத்து எழுதும் மை இதே இரும்பும் டானினும் சேர்ந்ததுதான். பலகையிலிருந்து அதை எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் வெளியிடும் மாதிரி விதித்தொகுப்பு, உணவு படும் இடங்களில் மரத்தைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆனால் வெட்டும் பலகைக்கும் ரொட்டி செய்பவரின் மேசைக்கும் விலக்கு தருகிறது: கெட்டி மேப்பிள், அல்லது அதற்கு இணையான கெட்டியும் நெருக்கமான இழையும் உள்ள மரம். ஒரு மரம் தகுமா என்று கேட்பவர்களுக்கு நான் இதையே அளவுகோலாகச் சொல்கிறேன். கெட்டியை அளக்க ஜாங்கா எண் உண்டு. ஒரு இரும்புக் குண்டைப் பாதி அளவுக்கு மரத்துக்குள் அழுத்த எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்ற கணக்கு. கெட்டி மேப்பிளுக்கு 1450. கறுப்பு வால்நட்டுக்கு 1010, செர்ரிக்கு 950. 900-க்குக் கீழே போனால் பல் கத்தி நாலு மாதத்தில் வாய்க்கால் வெட்டிவிடும். அதற்காகக் கல் போன்ற மரத்தைத் தேடிப் போகவும் வேண்டாம், கத்திதான் மழுங்கும்.

தேக்கைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. தேக்கு நீருக்கு அசராது, அசைவும் குறைவு. ஆனால் அதன் இழைக்குள் மணல் சத்தான சிலிக்கா இருக்கிறது. இழைப்புளி வைத்து இழைத்தவர்களுக்கு அது தெரியும், பத்து இழுப்பில் அலகு சொரசொரக்கத் தொடங்கும். ரொட்டிக் கத்தி அறுத்து முடிக்கும்போது மட்டும் பலகையைத் தொடுவதால் நான் தேக்கை ஒதுக்குவதில்லை. ஒட்டுவதற்கு முன் மட்டும் ஒட்டுமுகத்தை அசிட்டோன் என்னும் கரைப்பானால் துடைத்து, அது ஆவியான உடனே பசை போட வேண்டும். இல்லாவிட்டால் மரத்தின் சொந்த எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது.

எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியாகப் பாருங்கள். வெளிப்புறத்து வெள்ளை மரம் ஈரத்தையும் பூச்சியையும் வரவேற்கும். மேப்பிள் இதற்கு விலக்கு. அதன் வெளிர்ந்த வெளிப்பகுதிதான் பலகைக்குப் பேர்போனது. கண்ணைப் பறிக்கும் சிவப்பும் ஊதாவுமான அயல் மரங்களை ரொட்டிப் பலகைக்கு நான் எடுப்பதில்லை. பாடாக்கின் சிவப்பு எண்ணெய் பட்டால் கசிந்து பக்கத்து வெளிர் மரத்தில் இறங்கும். ரோஸ்வுட் வகைகளின் தூள் பலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும். சாப்பிடுபவரைவிட அதை அறுப்பவருக்குத்தான் அதிகக் கேடு. சாதாரண மரத்தூள் கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலில் முதல் பிரிவில் இருக்கிறது, ஆகவே முகமூடி இல்லாமல் உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: சும்மா கிடைக்கும் சரக்குப் பேலட் மரத்தில் செய்யலாமா? நாடு விட்டு நாடு போகும் பேலட்டில் ஒரு முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் நடுமரம் வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது. எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் புகையூட்டியது. அதைத் தொடவே வேண்டாம். எச்.டி. பலகையிலும் அதன்மேல் என்ன கொட்டியது, எந்த மூட்டை கசிந்தது என்று எந்த முத்திரையும் சொல்லாது. செடித்தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் இரண்டாவது பலகை பீச் மரம். ஒரே அகலப் பலகை, மணமில்லை, வழவழவென்று இருந்தது. ஆறே வாரத்தில் கிண்ணம் போலக் குழிந்துவிட்டது. மேசைமேல் வைத்து ரொட்டியை அறுத்தால் தாளம் போடும். மேல்முகத்துக்கு மட்டும் எண்ணெய் பூசியதும், கழுவிவிட்டு மேசைமேல் படுக்கவைத்ததும்தான் காரணம். ஒரு முகம் ஈரத்தைக் குடித்து விரிகிறது, மறுமுகம் அப்படியே நிற்கிறது. பலகைக்கு வளைவதைத் தவிர வேறு வழியில்லை. அன்றிலிருந்து இரண்டு முகம், நான்கு விளிம்பு என எல்லாவற்றுக்கும் ஒரே அளவு எண்ணெய். கழுவினால் விளிம்பில் நிறுத்தித்தான் காயவைப்பேன்.

மரம் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். நீளவாக்கில் அந்த அசைவு இல்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் எல்லாம். பச்சை மரம் முற்றிலும் காயும்போது பீச் தன் வளையங்களின் போக்கில் கிட்டத்தட்ட 12 சதவீதம் சுருங்கும். தேக்கு அதில் பாதிதான். வளையங்களுக்குக் குறுக்கே, அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில், பெரும்பாலான மரங்கள் இதில் ஏறக்குறைய பாதி அளவே அசையும். ஆகவே பலகையின் முனையைப் பார்த்து வாங்குங்கள். வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது தட்டையாகவே இருக்கும். சிரிக்கிற வாய்போல வளைந்திருந்தால் அது பின்னால் கிண்ணமாகும். அகலமான பலகை வேண்டுமென்றால் 4, 5 சென்டிமீட்டர் பட்டைகளாக அறுத்து ஒட்டுவதே நல்லது. பசையில் உணவோடு மறைமுகத் தொடர்புக்கு ஏற்றது என்று அனுமதி பெற்ற, நீர் தாங்கும் வகை கிடைக்கிறது. நான் டைட்பாண்ட் 3 பயன்படுத்துகிறேன்.

பலகையின் இரு முனையிலும் குறுக்காக ஒரு சட்டம் வைத்து வளையாமல் பிடிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. தச்சு வேலையில் அந்த இணைப்புக்கே ரொட்டிப் பலகையின் பெயர்தான். அந்தச் சட்டத்தை முழு நீளத்துக்கும் பசை போட்டு ஒட்டினால் பலகை பிளந்துவிடும், ஏனென்றால் சட்டம் அசையாது, பலகை அசையும். நடுவில் மட்டும் பசை, ஓரங்களில் நீள்துளைக்குள் மர ஆணி. இதைச் சரியாகச் செய்த ஒரு பலகை குளிரிலும் மழையிலும் சட்டத்தைத் தாண்டி ஒரு நூல் அளவு வெளியே வருவதையும் உள்ளே போவதையும் விரலால் தடவிப் பார்க்கலாம். எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம். (மின்னணு படித்தவர்களுக்கு பிரெட்போர்டு என்றால் துளை போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. ரேடியோவின் தொடக்க காலத்தில் ஆர்வலர்கள் உண்மையான ரொட்டிப் பலகையில்தான் ஆணி அடித்துக் கம்பி சுற்றினார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.)

மரப்பலகையில் கிருமி தங்காதா என்ற கவலைக்கு ஒரு பதில். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் உடன் ஆய்வாளர்களும் மரத்தையும் பிளாஸ்டிக்கையும் ஒப்பிட்டு 1994-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரத்தின்மேல் விட்ட பாக்டீரியா ஈரத்தோடு உள்ளே இழுக்கப்பட்டு, அங்கே பெருகாமல் மெல்லச் செத்துப்போனது. கத்தித் தழும்பு விழுந்த பிளாஸ்டிக்கைக் கையால் கழுவிச் சுத்தம் செய்வதுதான் கடினமாக இருந்தது. ரொட்டியை மட்டும் அறுக்கும் பலகைக்கு இந்தக் கவலை இன்னும் குறைவு. அதில் வெங்காயத்தை மட்டும் வைக்காதீர்கள்.

இனி எண்ணெய். கடையில் முதலில் கண்ணில் படுவது "உணவுக்கு உகந்தது" என்ற வரி. அந்த வரி என் முதல் பலகையின் சூரியகாந்தி எண்ணெய்க்கும் பொருந்தும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த எண்ணெய் மரத்துக்குள் போனபின் காய்ந்து கெட்டியாகுமா, ஆகாதா? கெட்டியாகாது என்றால், கெட்டுப்போகாமலாவது இருக்குமா?

தாவர எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வதைப் போன்றதல்ல. எதுவும் ஆவியாகிப் போவதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, ரப்பர் போன்ற வலையாகிறது. காயும்போது அதன் எடை கூடக் கொஞ்சம் ஏறும். கைகோக்க எத்தனை கைகள் இருக்கின்றன என்பதை அயோடின் எண் காட்டுகிறது. ஆளி விதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல், வால்நட்டுக்கு 150-ஐ ஒட்டி, இரண்டும் காயும். ஆலிவுக்கு 85-ஐ ஒட்டி, தேங்காய்க்கு 10-ஐ ஒட்டி. இரண்டும் ஒருநாளும் காயாது. சூரியகாந்தி 130-ஐ ஒட்டி நடுவில் நிற்கிறது. ஆக்சிஜனை இழுக்கத் தொடங்கும், ஆனால் நல்ல வலையாகக் கெட்டியாகாமல் பிசுக்காக நின்றுவிடும். அந்தப் பாதி வழியில்தான் காறல் வாடை. என் பலகைக்கு நடந்தது இதுதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

தாவரத்தோடு சம்பந்தமே இல்லாத மினரல் ஆயில், அதாவது லிக்விட் பாரஃபின், காயவும் காயாது, காறவும் காறாது. பெட்ரோலியத்திலிருந்து எடுத்து நிறமும் மணமும் சுவையும் போகும்வரை சுத்திகரித்தது. மருந்துக்கடையில் மலமிளக்கியாகத் தருவதும் அதுதான். மருந்துத்தரம் அல்லது உணவுத்தரம் என்று போட்டிருக்க வேண்டும். இயந்திரத்துக்குப் போடும் மினரல் ஆயில் வேறு. முதல் பலகை செய்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன், தவறு செய்ய இடமே இல்லை. குறை ஒன்று: அது மரத்துக்குள் விருந்தாளியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் வெளியேறும். முதல் வாரம் தினமும், முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதைக் கொஞ்சம் நீடிக்க வைப்பது தேன்மெழுகு. எடையில் நான்கு பங்கு மினரல் ஆயிலுக்கு ஒரு பங்கு மெழுகு. கொதிநீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். மெழுகு 62 பாகைக்கு மேல்தான் உருகும், ஆகவே எண்ணெயும் சூடாகவே இருக்க வேண்டும்; ஆறிய எண்ணெயில் ஊற்றினால் மணல்மணலாக உறையும். ஆறியதும் நெய்போல நிற்கும். பூசி, இரவு விட்டு, காலையில் பருத்தித் துணியால் அழுத்தித் தேய்த்தால் நீர் முத்துமுத்தாக உருளும்.

எனக்குப் பிடித்தது காய்கிற எண்ணெய்கள்தான். ஆளி விதை எண்ணெயை வாங்கும்போது "காய்ச்சியது" என்று போட்டிருப்பதைத் தவிருங்கள். பெரும்பாலும் அதை யாரும் காய்ச்சவில்லை. சீக்கிரம் உலர கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகளைக் கலந்திருப்பார்கள். பச்சை எண்ணெய் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், நாளாக ஆக மஞ்சளாகும். டங் என்னும் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய் நீரை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் "டங் ஆயில் ஃபினிஷ்" என்று விற்பதில் வார்னிஷும் கரைப்பானுமே நிறைய. "100 சதவீதம் தூய்மையானது" என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். டேனிஷ் ஆயில், டீக் ஆயில் என்பவையும் இத்தகைய கலவைகளின் பெயர்கள்தான்.

நான் வந்து நின்ற இடம் வால்நட் எண்ணெய். மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் வண்ணம் குழைத்ததும் இதில்தான், ஆளியைவிட மஞ்சளாவது குறைவு என்பதற்காக. சமையலுக்கு விற்கும் புட்டியில் கெடாமல் இருக்க வைட்டமின் ஈ சேர்த்திருந்தால் அது காய்வதையும் தள்ளிப்போடும், ஆகவே சேர்மானம் இல்லாததைப் பாருங்கள். பலகையைப் பரிசாகக் கொடுப்பதாக இருந்தால், அந்த வீட்டில் கொட்டை ஒவ்வாமை உள்ளவர் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள். கேட்க முடியாத இடத்துக்கு மினரல் ஆயில் போட்ட பலகைதான் தருவேன்.

இந்த எண்ணெய்களைத் தொட்டவர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது துணியின் ஆபத்து. ஆக்சிஜனை இழுக்கும்போது வெப்பம் வரும். விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும். கசக்கி மூலையில் போட்ட துணியில் போக வழியின்றிச் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பிலடெல்ஃபியாவில் 38 மாடி கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் 1991 பிப்ரவரி 23 அன்று எரிந்தது வேலையாட்கள் 22-ஆம் மாடியில் விட்டுப்போன ஆளி எண்ணெய்த் துணியால்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். நான் ஒருமுறை பூசி முடித்து, துணியை உருட்டி மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். கொஞ்ச நேரம் பேச்சில் போயிற்று. திரும்பி வந்து எடுத்தபோது உருண்டையின் நடுவில் வெதுவெதுப்பு, உள்ளங்கையில் ஒரு குஞ்சுக்கோழியை வைத்ததுபோல. அன்றுமுதல் துணியை வெளியே கொடியில் ஒற்றை மடிப்பும் இல்லாமல் விரித்து, விறைத்துப்போகும்வரை விடுகிறேன்.

பூசும் முறையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உப்புத்தாள் 80, 120, 180, 220 என்று ஏறுங்கள். 220 முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டால் அமுங்கிக் கிடந்த நார்கள் எழுந்து நிற்கும். மறுபடி 220-ஆல் லேசாகத் தடவினால் பின்னர் கழுவும்போது பலகை சொரசொரக்காது. எண்ணெயை ஊற்றி, 20 நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். மிச்சம் நின்றால் பிசுக்குத்தான். முனைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. குழாய்கள் அங்கே வாய் திறந்து நிற்பதால் பூசிய கண்ணுக்கு முன்னாலேயே எண்ணெய் மறையும். ஒருமுறை முனையில் பூசிய எண்ணெய் பலகையின் முகத்தில் ஓரங்குலம் தள்ளி சின்னச் சின்னப் புள்ளிகளாக வியர்த்து வந்ததைப் பார்த்தேன். அந்த முனை இனி குடிக்காது என்னும்வரை பூசிக்கொண்டே இருந்தேன்.

இப்போது சன்னலோரம் ஒரு செர்ரிப் பலகை நிற்கிறது. வால்நட் எண்ணெய், மூன்று பூச்சு, கடைசிப் பூச்சுக்கு இன்று 19 நாள். புதிதாய் இழைத்தபோது இளஞ்சிவப்பாக இருந்தது, வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. காலையில் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தேன், துணியில் கறை இல்லை. மூக்கை வைத்தால் கொட்டையின் மணம் மட்டும் இன்னும் லேசாக இருக்கிறது. அது போக இன்னும் பத்து நாளாவது ஆகும். அதுவரை ரொட்டி பழைய மேப்பிள் பலகையில்தான்.